பழைய ரத்தினச் சுரங்கத்தை மீண்டும் திறக்கும் நிறுவனத்தில் பணம் போடுமுன்

முதலில் விசாரிக்க வேண்டியது, அந்தச் சுரங்கத்தை ஏன் மூடினார்கள் என்பது. நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். அரசு நிலவியல் துறை ஆவணங்களிலும் பழைய ஆண்டறிக்கைகளிலும் சுரங்க ஆய்வாளர் அறிக்கைகளிலும் தேடினால் உண்மைக் காரணம் கிடைக்கும். வழக்கு, போர், விலைச்சரிவு ஆகியவற்றால் மூடியிருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. நீர் புகுந்து மூடியிருந்தால், நீரை இறைக்கும் மின்செலவு இன்றும் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட வேண்டும். கல் அற்றுப்போய் மூடியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து யோகோ நீலக்கல் சுரங்கம் நல்ல பாடம். சூடேற்றாமலே அழகிய நீலம் தரும் கற்கள் அவை. 1923 வெள்ளத்தில் பெரும் சேதம் ஏற்பட்டு, 1929-இல் அங்கிருந்த பிரிட்டிஷ் நிறுவனம் தொழிலை நிறுத்தியது. பிறகு பல நிறுவனங்கள் முயன்றும் யாருக்கும் நீடித்த வெற்றி இல்லை. பெரும்பாலான கற்கள் சிறியவை, தட்டையானவை. பட்டை தீட்டினால் ஒரு காரட்டை, அதாவது 0.2 கிராம் எடையைத் தாண்டுவது அபூர்வம். வெள்ளம் வராதிருந்தாலும் இந்தக் குறை இருந்திருக்கும்.

அடுத்தது உரிமம். அது யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று மூலப் பதிவேட்டிலேயே பாருங்கள். கனிம உரிமையும் நில உரிமையும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கலாம். பழைய கழிவுக் குவியல் அந்த உரிமத்தில் அடங்குமா என்பதும் தனிக் கேள்வி. முந்தையவர் விட்டுப்போன குழிகளை மூடும் பொறுப்பும் அதற்கான வைப்புத்தொகையும் புதியவர் தலையில் விழுவதுண்டு.

மாதிரிச் சோதனையில்தான் பெரும்பாலான பணம் தொலைகிறது. பொன்னுக்கும் செம்புக்கும் துளையிட்டு எடுத்த பாறைத்தண்டே பல செய்திகளைச் சொல்லும். ரத்தினத்தில் அது பாறையின் அமைப்பைத்தான் காட்டும். கற்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. அதனால் எத்தனை காரட் தேறும், என்ன தரம் என்பதை அறிய நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான டன்களைத் தோண்டிக் கழுவிப் பார்க்க வேண்டும். சுரங்க நிறுவனங்கள் கனிம இருப்பை எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் 2012 ஜோர்க் (JORC) விதித்தொகுப்பு, வைரத்துக்கும் ரத்தினங்களுக்கும் தனிப் பிரிவு வைத்திருப்பது இதனால்தான். அறிக்கையில் அந்தப் பிரிவு நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. 500 டன் சரளையில் 4,000 காரட் கிடைத்தது. அதில் நகைத் தரம் 12 சதவீதம், அதாவது 480 காரட். விற்பனை 14,400 டாலர். காரட்டுக்கு 30 டாலர், டன்னுக்கு 28.80. ஒரு டன் சரளைக்கு 4 டன் மேல்மண் அகற்ற வேண்டும். ஒரு டன்னை நகர்த்த 3 டாலர் என்றால் ஐந்துக்கு 15, கழுவ 8, ஆக 23 டாலர் செலவு. லாபம் போலத் தெரிகிறது. ஆனால் அந்த விற்பனையில் 4,000 டாலர் ஒரே ஒரு 5 காரட் கல்லுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிட்டால் டன்னுக்கு 20.80 டாலர்தான்; நஷ்டம். அரசுக்கோ உரிமையாளருக்கோ விற்பனையில் தர வேண்டிய பங்கான ராயல்டியை இன்னும் கழிக்கவே இல்லை. ஆகவே சராசரி விலையை மட்டும் ஏற்காமல், அளவுவாரியாகக் கற்களின் எண்ணிக்கையும் விலையும் உள்ள பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சல்லடை அளவையும் கேளுங்கள். மாதிரியை 2 மில்லிமீட்டர் சல்லடையில் பிடித்துவிட்டு, ஆலையில் 4 மில்லிமீட்டர் வைத்தால், கணக்கில் வந்த சிறு கற்கள் மீண்டும் கழிவுக்கே போகும். பிரிக்கும் முறையும் கல்லைப் பொறுத்தது. மாணிக்கம், நீலக்கல் ஆகியவற்றின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, ஏறத்தாழ 4. கூழாங்கல்லிலிருந்து எடையால் பிரித்துவிடலாம். மரகதம் 2.7 அளவில் இருப்பதால் குவார்ட்ஸோடு கலந்தே நிற்கும். கண்ணால் பொறுக்க வேண்டும், அல்லது நிறமறியும் எந்திரம் வேண்டும். கண்ணால் பொறுக்கும் இடத்தில் திருட்டும் எளிது. காவல், கேமரா, இரட்டைப் பூட்டுச் செலவு திட்டத்தில் இல்லையென்றால் அது சுரங்கம் நடத்திப் பழகாதவர் எழுதிய திட்டம். மரகதத்துக்கு வெடி வைப்பதாகச் சொன்னால், கல் விரிசல் விடாமல் எப்படிக் காப்பார்கள் என்று கேளுங்கள்.

விலை சொல்லும்போது ஒரு தந்திரம் அடிக்கடி வரும்: கச்சாக் கல்லின் எடையை, பட்டை தீட்டிய கல்லின் கடை விலையால் பெருக்குவது. தீட்டும்போது எடையில் பாதிக்கு மேல் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே நல்லது. ஒப்பிட, ஜாம்பியாவின் காஜெம் மரகதச் சுரங்க ஏல முடிவுகள் உதவும். 2008-இல் அதைக் கையில் எடுத்த ஜெம்ஃபீல்ட்ஸ் நிறுவனம், 2009 முதல் கச்சாக் கற்களைத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. உயர்தர ஏலமும் சாதாரணத் தர ஏலமும் தனித்தனி. இரண்டின் சராசரியும் மிகவும் வேறுபடும். நிறுவனம் எதோடு ஒப்பிடுகிறது என்று கவனியுங்கள்.

இனி பங்கு. 8 கோடிப் பங்கு, விலை 10 சென்ட் என்றால் நிறுவன மதிப்பு 80 லட்சம் டாலர் போலத் தோன்றும். பிற்பாடு குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையான வாரன்ட் 4 கோடியும், ஊழியர்களுக்குத் தந்த அதே போன்ற உரிமையான ஆப்ஷன் 80 லட்சமும் வெளியில் இருந்தால் உண்மை எண்ணிக்கை 12.8 கோடி, நீங்கள் கொடுப்பது 1.28 கோடி டாலர் மதிப்புக்கான விலை. கையிருப்பைக் காலாண்டுச் செலவால் வகுங்கள். 9 லட்சம் கையில், 3 லட்சம் செலவு என்றால் ஒன்பது மாதம். அதற்கு முன்பே மலிவு விலையில் புதுப் பங்கு வரும். கனடாவில் அப்படித் தனியாக வாங்கியவர்கள் பொதுவாக நான்கு மாதம் விற்க முடியாது; அந்தத் தடை முடியும் நாளில் பங்கை விற்று வாரன்ட்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். விலை சரியும் அந்த நாளைக் குறித்து வைத்து, அதற்குப் பிறகு வாங்குங்கள்.

வாங்கும்போது விலை வரம்பு வைத்தே ஆர்டர் போடுங்கள். ஒரு நாள் சராசரி வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முழுவதும் போனாலும் குடும்பச் செலவு தடைபடாத தொகையை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று முதலில், ஒன்று டன் கணக்கில் தோண்டிக் கழுவிய மாதிரியின் முடிவு வந்தபின், ஒன்று முதல் விற்பனையில் வெளியார் உண்மையில் பணம் கொடுத்தபின். மாதிரி முடிவு இரண்டு காலாண்டு தள்ளிப்போனால் இரண்டாம் தவணையைப் போடாதீர்கள்.