அரைக் கிலோ மல்லியும் பூமிக்குள் இருக்கும் டார்க் மேட்டரும்

“அண்ணே, டார்க் மேட்டர் வந்து பூமிய இழுத்துட்டுப் போயிருமாம்ல?”

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் தம்பி கேட்டான். இயற்பியல் வாத்தியார் என்றால் இப்படிக் கேள்விகள் டீயோடு சேர்ந்தே வரும். தம்பி கேட்டதில் தப்பில்லை. அவன் பார்த்த வாட்ஸப் வீடியோ ஒரு சரியான எண்ணை எடுத்துத் தப்பான இடத்தில் வைத்துவிட்டது.

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் சுமார் 85 விழுக்காடு இருண்ட பொருள், அதாவது டார்க் மேட்டர்: கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். இது சரிதான். அதைக் கேட்டதும், நம் காலடி மண்ணிலும் நூற்றுக்கு 85 பங்கு அதுதான் என்று நினைத்துக்கொள்வதே எல்லாரும் செய்யும் முதல் தவறு. நம் சூரியன் இருக்கும் பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு அது ஒரு புரோட்டானின் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பூமியின் மொத்தக் கொள்ளளவுக்கும் பெருக்கிப் பாருங்கள்: அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரும். தம்பி கடைக்கு எதிரே ஒரு அம்மா கல்யாண வீட்டுக்கு வாங்கிப் போகும் மல்லி அதைவிடக் கூடுதல் எடை இருக்கும். அந்த அரைக் கிலோவும் இங்கேயே தங்குவதில்லை. சூரியன் நம்மையும் கூட்டிக்கொண்டு விநாடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் பால்வெளியைச் சுற்றுவதால், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பழையது வெளியேறிப் புதியது உள்ளே வந்துவிடும்.

அப்படியானால் 85 விழுக்காடு எங்கே போனது? வெட்டவெளியில் இருக்கிறது. நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டு தூரம். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஒரு கோளம் வரைந்தால், அதற்குள் இருக்கும் இருண்ட பொருள் 20,000 பூமிகளின் நிறையைத் தாண்டும். நட்சத்திரமும் கோளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கின்றன. இதுவோ எல்லா இடத்திலும் மெல்லப் பரவியிருக்கிறது. அதனால்தான் பால்வெளியின் சுழற்சியையே மாற்றும் ஒன்று, பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் நாம் அளக்கும்படி ஒன்றும் செய்வதில்லை.

பெயரும் நம்மைக் குழப்புகிறது. ‘கரும்பொருள்’ என்று எழுதினால் கருந்துளைக்குத் தம்பி என்றோ, கரும்புகை மாதிரி ஒரு மேகம் என்றோ மனது படம் போட்டுவிடும். புகை ஒளியை மறைக்கும். இது மறைக்காது, உறிஞ்சாது, திருப்பியும் அனுப்பாது. ‘காணாப்பொருள்’ என்று வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். கொடைக்கானல் மலையில் நிலவில்லாத இரவில் பால்வெளியின் நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். அதைக் காட்டி “இதுதான் சார் டார்க் மேட்டர்” என்று பையன்கள் சொல்வார்கள். அது வெறும் தூசு. ராகு, கேதுவை இதோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கும் இதே பதில்: அவை நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அங்கே பொருள் எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட ஆய்வகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “டார்க் மேட்டரை மலைக்குள்ள அடைக்கப் போறாங்க” என்பார்கள். அது நியூட்ரினோவுக்கானது. காடு, தண்ணீர், மலை என்று எழுந்த எதிர்ப்புகள் தனி விவாதம். அதைப் பேசுகிறவர்களும் பொருளின் பெயரைச் சரியாகச் சொல்வது நல்லது. நியூட்ரினோ நமக்கு நன்றாகவே தெரிந்த துகள். சூரியனிலிருந்து மட்டும் விரல்நகம் அளவு இடத்தில் விநாடிக்குச் சுமார் 6,000 கோடி நம்மைக் கடந்து போகின்றன. இருண்ட பொருளின் துகளோ இன்னும் ஒருவர் கையிலும் சிக்கவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கத்தில் 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் செனான் என்ற வாயுவைத் திரவமாக்கி, 10 டன் வைத்துக்கொண்டு, அந்தத் துகள் வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள்.

டைனோசர்கள் அழிந்ததே டார்க் மேட்டரால்தான் என்ற கதைக்கு வருவோம். 2014-ல் லிசா ராண்டலும் மாத்யூ ரீஸும் ஒரு யோசனை சொன்னார்கள்: பால்வெளியின் நடுத்தளத்தில் இருண்ட பொருள் மெல்லிய தட்டாகப் படிந்திருந்தால், சூரியன் அதைக் கடக்கும்போதெல்லாம் வால்மீன்கள் கலைந்து பூமிப் பக்கம் வரலாம். அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லைத்தான் வீடியோக்காரர்கள் முழுங்கிவிடுகிறார்கள். பிறகு கையா விண்கலம் அளந்த விண்மீன் நகர்வுகள் அத்தகைய தட்டுக்குப் பெரிதாக இடம் கொடுக்கவில்லை. பூமியின் மையத்தில் இது எரிந்து சூடேற்றுகிறது என்பதற்கும் கடிவாளம் உண்டு. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பம் சுமார் 47 டெராவாட். கதிரியக்கமும் பூமி உருவானபோது மிஞ்சிய சூடும் சேர்ந்தே அதை விளக்கிவிடுகின்றன.

“கண்டுபிடிச்சாச்சு” என்ற தலைப்பை அப்படியே நம்புவது கடைசித் தவறு. ஜூன் தொடக்கத்தில் பூமியின் வேகம் சூரியனின் வேகத்தோடு சேர்கிறது, டிசம்பரில் கழிகிறது. எதிர்க்காற்றில் வண்டி ஓட்டுவது போல, ஜூனில் இந்தத் துகள்கள் சற்றே கூடுதலாக மோத வேண்டும். இருண்ட பொருளைத் தேடி இத்தாலியில் மலைக்கடியில் இயங்கிய டாமா சோதனை, அந்த ஏற்ற இறக்கம் தெரிவதாக 20 ஆண்டுகளுக்கு மேல் சொல்லிவந்தது. ஸ்பெயினிலும் தென்கொரியாவிலும் அதே வகைச் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு அது தென்படவில்லை.