பேட்டரியா, ஆல்டர்னேட்டரா? சார்ஜ் ஏறாத காரைச் சோதிக்கும் முறை

காலையில் கார் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பழி முதலில் பேட்டரி மேல்தான் விழும். புதுசு போட்டதும் வண்டி கிளம்பும், இரண்டொரு நாளில் அதுவும் டவுன் ஆகிவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு ஹெட்லைட், ஏசி ஃபேன், பியூவல் பம்ப் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பதும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் ஆல்டர்னேட்டர்தான். பேட்டரிக்குப் பணம் கட்டும் முன் அதைச் சோதித்துவிடுங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் தெரிபவை

பெரும்பாலும் ஹெட்லைட்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஐடிலிங்கில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) மங்கலாக எரிந்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பளிச்சென்று ஆனால் சந்தேகப்படலாம். ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது அதன் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டையோடு ஒன்று போயிருக்கும். பவர் விண்டோவும் வைப்பரும் மந்தமாகும்.

இதற்கு நேர்மாறான கோளாறை ஆல்டர்னேட்டரோடு பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகிறது, பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, பானட்டைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை வருகிறது என்றால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது.

டேஷ்போர்டில் உள்ள பேட்டரி விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லையென்றால் அந்த விளக்கோ அதன் வயரோ போயிருக்கலாம். அப்புறம் சார்ஜ் நின்றாலும் அது எச்சரிக்காது. ஓடும்போது லேசாக மினுங்கினாலும் சும்மா விடாதீர்கள்.

கிளப்பியதும் கீச்சென்று கத்தினால் அநேகமாக பெல்ட் வழுக்குகிறது. ஆர்பிஎம் ஏற ஏற உறுமல் கூடினால் பேரிங்காக இருக்கலாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை, பெல்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆல்டர்னேட்டரின் உடலில் வைத்துப் பிடியைக் காதோரம் கொண்டுபோனால் கரகரப்பு துல்லியமாகக் கேட்கும். தொங்கும் துணி, தலைமுடி ஜாக்கிரதை.

மல்டிமீட்டர் சோதனை

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி டெர்மினல்களில் அளவெடுங்கள்.

1. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு: சுமார் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றுங்கள். காய்ந்த (சார்ஜ் இறங்கிய) பேட்டரி நல்ல ஆல்டர்னேட்டரின் அளவையும் கீழே இழுத்துவிடும்.
2. ஐடிலிங்கில்: 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 12.6-லேயே நின்றாலோ, மெல்லக் குறைந்துகொண்டே வந்தாலோ சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள்.
3. ஹை பீம், ஏசி ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம்மில்: 13-க்குக் கீழே இறங்கினால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள்.
4. இன்ஜின் ஓடும்போதே மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டுக்கு மாற்றுங்கள்: 0.5-க்கு மேல் காட்டினால் டையோடு சந்தேகம். கசியும் டையோடு, நிற்கும் வண்டியின் பேட்டரியையும் இரவோடு இரவாகக் காலி செய்யும்.

புதிய கார்கள் பலவற்றில் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். 12.5-ம் வரும், 15-ஐ ஒட்டியும் வரும். அங்கே ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டாமல், ஹெட்லைட்டைப் போட்டுச் சில நிமிடங்கள் கவனியுங்கள்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் இன்னொன்று பாக்கி. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டபடி, அதன் தடித்த வயர் மாட்டும் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளவெடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் வயரிலோ நட்டிலோ பச்சை பூத்திருக்கும், சுத்தம் செய்தாலே தீரலாம். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. இன்ஜின் நின்றிருந்தாலும் அந்த போல்ட்டில் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது, ஆல்டர்னேட்டருக்கு முன்பு இருந்த டைனமோ காலத்துச் சோதனை. கழற்றும் நொடியில் வோல்ட்டேஜ் எகிறி ஈசியூவையே சுட்டுவிடலாம்.

வழியில் விளக்கு எரிந்தால்

முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பெல்ட் அறுந்து சூடு ஏறினால் உடனே ஓரங்கட்டி அணைக்க வேண்டும். சூடு ஏறாவிட்டால் ஏசி, மியூசிக் எல்லாவற்றையும் அணைத்து, இன்ஜினை நிறுத்தாமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். இரவில் அவகாசம் குறைவு: 55 வாட் பல்பு இரண்டு மட்டுமே 9 ஆம்பியர் இழுக்கும்.

பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் ஆகியவற்றைப் பல மாடல்களில் தனியாக மாற்றலாம். காயில் கருகியிருந்தால் முழு யூனிட்டையும் மாற்றுவதே நல்லது. மாற்றியதும் காய்ந்த பேட்டரியோடு அப்படியே ஓட்டாதீர்கள். முதல் நாளே முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றிச் சூடாகிப் புது டையோடும் போய்விடும். சார்ஜரில் நிரப்பிய பிறகு மாட்டுங்கள்.