பிடித்த படத்தைப் பரிந்துரைக்கும்போது

நமக்குப் பிடித்த திரைப்படத்தை நண்பர்களுக்குச் சொல்லும்போது, பெயரோடு வெளியான ஆண்டையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். 'விக்ரம்' என்று மட்டும் எழுதினால் 1986இல் வந்ததா, 2022இல் வந்ததா என்பது விளங்காது. இரண்டிலும் கமல்ஹாசனே நாயகன் என்பதால் நடிகரின் பெயரைச் சேர்த்தாலும் குழப்பம் தீராது.

படம் ஏன் பிடித்தது என்பதை இரண்டு வரிகளில் எழுதுவதே பரிந்துரையின் உயிர் என்பேன். "அருமையான படம், தவறாமல் பாருங்கள்" என்பதிலிருந்து எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. மாறாக, "வசனம் குறைவு, முதல் அரை மணி நேரம் மெதுவாக நகரும், அப்பாவுக்கும் மகளுக்கும் இடையிலான மனத்தாங்கல்தான் கதை" என்று எழுதினால், அது தமக்கு ஏற்றதா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார். முடிவை மட்டும் தொடாதீர்கள்; "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது" என்று சொல்வதே பாதிக் கதையைச் சொன்னதற்குச் சமம், ஏனெனில் பார்ப்பவர் படம் முழுவதும் அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே மூச்சில் பத்துப் படங்களை அடுக்காமல், கேட்டவரின் மனநிலைக்குப் பொருந்தும் ஒன்றையோ இரண்டையோ சொல்லுங்கள். ஓடும் நேரம், மொழி, சப்டைட்டில் உண்டா என்பவற்றை ஒரு வரியில் சேர்க்கலாம். வன்முறைக் காட்சிகள் இருந்தால், குழந்தைகளோடு அமர்ந்து பார்ப்பவர்களுக்காக அதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.