முதலில் செல்லோவுக்கு டிக்கெட் போடுங்கள்

ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடை, டிரம் செட், விடிய விடிய சினிமாப் பாட்டு. நாங்கள் வைத்திருப்பது வேறு. மைக் இல்லாமலே ஒரு கூடத்தை நிறைக்கிற சின்னக் குழு, சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். ஏழு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா இரண்டு, உட்கார்ந்து முழங்காலிடையே வைத்து வாசிக்கும் செல்லோ இரண்டு, எல்லாவற்றிலும் பெரிய டபுள் பேஸ் ஒன்று, கூடவே நம் பங்குக்கு ஒரு மிருதங்கமும் ஒரு கஞ்சிராவும். ஆக 14 பேர். பதினைந்தாவது ஆள் நான். எனக்கு ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது. டிக்கெட், பெட்டி, சோறு, கணக்கு எல்லாம் என் தலையில். அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தவர், கடலுக்குக் கிளம்புமுன் வலை, ஐஸ், டீசல், குடிதண்ணி என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி ஏற்றுவார். நான் அதையே வயலினுக்குச் செய்கிறேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கச்சேரிக்கு அழைப்பு வந்ததும் எல்லாரும் முதலில் விசாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மனுசனுக்கு விசா எப்படியும் கிடைத்துவிடும். பயணம் கெடுவது கருவியால்தான். அதனால் கருவியில் தொடங்குங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு வில்லுக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வரி: என்ன பொருள், எங்கே செய்தது, உள்ளே ஒட்டிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, என்ன மரம், என்ன தோல், எடை, மதிப்பு, முன்னும் பின்னும் ஒரு போட்டோ. அலுப்பான வேலை, இரண்டு நாள் ஆகும். ஆனால் சுங்கம், இன்சூரன்ஸ், விமான கம்பெனி, அழைத்தவர் என்று நாலு பேரும் நாலு தடவை கேட்கப்போவது இதே பட்டியலைத்தான்.

இந்தப் பட்டியலை வைத்து ஏடிஏ கார்னெட் வாங்கலாம். அது கருவிகளின் பாஸ்போர்ட் மாதிரி. ஒரு வருசம் செல்லும், எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்கின்றன, இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு கொடுக்கிறது. ‘இந்தப் பொருளை விற்க வரவில்லை, வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோவோம்’ என்பதற்கான உறுதி அது, அதற்குப் பிணையும் கட்டவேண்டும். வயலின் மாதிரி கையில் தூக்கிப்போகும் கருவிகளைத் தொழிலுக்காகக் கொண்டுவரும் பயணிக்கு ஐரோப்பிய யூனியனில் இந்தக் காகிதம் கட்டாயமில்லை, அதனால் அங்கே மட்டும் போகிற சின்னக் குழு இந்தச் செலவைத் தவிர்க்கலாம். ஆனால் கிளம்பும்போது நம்மூர் விமான நிலையத்துச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழை மட்டும் விடாதீர்கள். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது ‘இந்த செல்லோவை அங்கே வாங்கினீர்களா’ என்று கேட்பார்கள், நீங்கள் பழைய கீறலைக் காட்டி நிரூபித்துக்கொண்டு நிற்கவேண்டும். இன்னொன்று, அதிகாரி பொருளைப் பார்த்து முத்திரை போடுமுன் பெட்டியை செக்-இன் பண்ணிவிடாதீர்கள். நாங்கள் ஒரு தடவை பண்ணினோம். பெல்ட்டில் போன மிருதங்கத்தைத் திரும்ப வரவழைக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

அப்புறம் தோலும் மரமும். கஞ்சிராவுக்குப் பழைய வழக்கம் உடும்புத் தோல். உடும்பு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பிற்சேர்க்கையிலும் இருக்கிறது. தாத்தா காலத்துக் கஞ்சிரா, நாதம் அப்படியே தேன் என்றெல்லாம் சொல்வார்கள். வீட்டிலேயே இருக்கட்டும். ஆட்டுத்தோல் கட்டியதையோ செயற்கைத் தோல் போட்டதையோ கொண்டுபோங்கள். எங்கள் கஞ்சிரா அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ‘பிளாஸ்டிக்கத் தட்டவா தம்பி என்னக் கூட்டிட்டுப் போற?’ என்றார். போய் வாசித்துவிட்டுத்தான் வந்தார்.

வில்லில் கவனிக்கவேண்டியது இரண்டு. நல்ல பழைய வில் பெரும்பாலும் பெர்னம்புகோ என்ற பிரேசில் மரம், 2007 முதல் சைட்டிஸ் இரண்டாம் பிற்சேர்க்கையில் இருக்கிறது. வில் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் சில்லு பழைய வில்களில் யானைத் தந்தமாக இருக்கலாம், அதுதான் பெரிய வம்பு. என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாத வில்லை எல்லை தாண்டி எடுத்துப்போகாதீர்கள். நாங்கள் பயணத்துக்கென்றே கார்பன் ஃபைபர் வில் வைத்திருக்கிறோம். நாதத்தில் கொஞ்சம் குறைதான், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம். ஈட்டி மரத்தில் செய்த பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி), தாடைக்கட்டை (வயலினில் தாடை வைக்கும் கட்டை) பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். 2017-இல் அந்த மரங்களுக்குக் கெடுபிடி வந்தது உண்மை, 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிக்கு சைட்டிஸ் விதியில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் நாட்டு ஈட்டி மட்டும் அந்த விலக்கில் சேராது.

சரி, செல்லோ. இதற்கு விமானத்தில் தனி இருக்கை வாங்குங்கள். காசு கரிக்கத்தான் செய்யும், ஆனால் சரக்கறையில் போட்டு கழுத்து முறிந்தால் அதைவிட அதிகம். ஆன்லைனில் இன்னொரு டிக்கெட் போட்டு ‘மிஸ்டர் செல்லோ’ என்று பெயர் கொடுப்பது வேடிக்கைக்குச் சரி, கவுண்டரில் செல்லாது. விமான கம்பெனிக்குப் போன் போட்டு, கேபினில் இருக்கை வாங்கிய கருவி என்று பதிவு பண்ணச் சொல்லி, பெட்டியின் நீள அகலத்தைக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அவசர வழி வரிசையில் கொடுக்கமாட்டார்கள், பெரும்பாலும் ஜன்னலோர இருக்கைதான், பெல்ட் போட்டுக் கட்டவேண்டும். வயலின் பெட்டி சுமார் 80 செ.மீ., பல கம்பெனிகளின் கைப்பை அளவு 55 செ.மீ.தான், அதனால் வயலினுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். டபுள் பேஸை யோசிக்கவே யோசிக்காதீர்கள், போகிற ஊரில் வாடகைக்குக் கேளுங்கள். ஆனால் வில்லை மட்டும் கொண்டுபோங்கள், ஏனென்றால் பேஸ் வில்லில் ஜெர்மன் பிடி, பிரெஞ்சு பிடி என்று இரண்டு வகை, அங்கே கிடைப்பது உங்கள் ஆளின் கைக்கு வராமல் போகலாம்.

மதுரையிலிருந்தே வெளிநாட்டு விமானம் உண்டு என்றாலும் இத்தனை பெட்டியோடு எங்களுக்கு சென்னைதான் சௌகரியம், ரயிலில் ஏற்றிவிட்டால் முடிந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை செல்லோக்களை மண்டபம்வரை வேனில் கொண்டுபோய் ரயிலேற்றினோம். பாலத்து உப்புக்காற்றில் பெட்டிப் பூட்டு துருப்பிடித்ததுதான் மிச்சம்.

உப்புக்காற்று என்றதும் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் கரைக்காரர்கள் அடிபடுவது இங்கேதான். இவ்வகைக் கருவிகளுக்கு 40 முதல் 60 சதம் ஈரப்பதம் நல்லது. கொண்டல் வீசும்போது இங்கே அதற்கும் மேலே இருக்கும், மரம் ஊறிப் பழகிவிடுகிறது. அதை அப்படியே ஐரோப்பாவின் குளிர்காலத்துக்குக் கொண்டுபோனால், ஹீட்டர் ஓடும் அறையில் ஈரம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். முதல் ஜெர்மனிப் பயணத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு செல்லோ வாசிக்கும் பொண்ணு என் கதவைத் தட்டியது. ‘அண்ணே, டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.’ போய்ப் பார்த்தால் கீழ்ப்பக்கம் ஒட்டு விட்டு, விரல் நகம் போகிற அளவுக்கு வாய் திறந்திருக்கிறது. நல்லவேளை, விட்டது ஒட்டுதான், பலகை வெடிக்கவில்லை. அந்த ஒட்டுக்குப் போடும் பசையே தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கிற பசைதான். காலையில் ஒரு கருவிக்காரர் ஒட்டிக்கொடுத்தார், சாயங்காலம் கச்சேரி நடந்தது.

அன்றிலிருந்து எங்கள் முறை இது. பெட்டிக்கு ஒன்றாக ஈரமானி. ஊரில் சிலிக்கா ஜெல், அங்கே இறங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கருவிக்குள் தொங்கவிடும் ஈரக்குழாய். ஹோட்டல் அறையில் ஹீட்டரைக் குறைத்து, ஈரத் துண்டு ஒன்றைக் காயப்போடுவது. குளிரிலிருந்து உள்ளே வந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுவது. விமானத்துக்கு முன் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தலாம், முழுக்கக் கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சி சாய்ந்துவிடும். வில்லின் முடியை மட்டும் முழுசாகத் தளர்த்துங்கள். மிருதங்கம் வறண்ட காற்றில் சுருதி ஏறி நிற்கும், அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள், தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்குப் பூச ரவையை நீங்களே கொண்டுபோங்கள். சுருதி என்றதும் இன்னொன்று: எல்லாரும் சுருதி சேர்க்கும் ‘ஏ’ ஸ்வரத்தை நாம் 440 ஹெர்ட்ஸ் என்று வைத்திருப்பதை ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் 442, 443 என்று வைப்பார்கள். அவர்களுடைய பியானோவோடு சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு அதே சுருதியில் ஒரு மாதம் பழகுங்கள்.

இப்போது விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா என்றால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து போடலாம், கடைசி 15 நாளுக்குள் போட முடியாது, இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பிரிட்டனில் பணம் வாங்கி வாசிப்பதை விசிட்டர் விசாவிலேயே ஏற்கிறார்கள், நிகழ்ச்சி முன்பே உறுதியாகியிருக்கவேண்டும், இறங்கிய 30 நாளுக்குள் முடிக்கவேண்டும். அமெரிக்காவில் அழைப்பவர் முதலில் மனுப் போடவேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். எங்கே போனாலும் ‘ஊர் சுற்றிப் பார்க்க’ என்று மட்டும் எழுதாதீர்கள். பெட்டியில் வயலினும் போஸ்டரில் உங்கள் போட்டோவும் இருக்கும்.

மேடைக்கு ஒரு படம் வரைந்து மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள்: கைப்பிடி இல்லாத நாற்காலி எத்தனை, இரண்டு பேருக்கு ஒன்றாக நோட்டு ஸ்டாண்ட் எத்தனை, பேஸுக்கு உயர ஸ்டூல், மிருதங்கமும் கஞ்சிராவும் உட்கார ஒரு அடி உயரத்தில் ஜமக்காளம் விரித்த பலகை. பலகையை மறந்தால் மிருதங்க அண்ணன் தரையில் உட்கார்ந்திருப்பார், பார்க்கிறவர்களுக்கு செல்லோக்காரர்களின் முழங்கால்தான் தெரியும். இறங்கிய அன்றைக்குக் கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணத்தில் ஒரே ஒரு கேள்வியை ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள்: சொன்ன தொகை வரிக்கு முன்னா பின்னா? ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞர் சம்பளத்தில் கூடுதல் வரியும் சேர்த்து 15.825 சதம் பிடிப்பார்கள், அமெரிக்காவில் 30 சதம். பிடித்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால்தான் இங்கே கணக்குக் காட்டலாம். வாசிக்கும் பாட்டுப் பட்டியலையும் கேட்பார்கள், ஜெர்மனியில் கேமா, பிரிட்டனில் பிஆர்எஸ் என்ற உரிமை அமைப்புகளுக்குப் போகும். சினிமாப் பாட்டை உங்கள் குழுவுக்கென்று மாற்றி எழுதியிருந்தால் உரிமைக்காரரிடம் தனி அனுமதி வேண்டும்.

சோற்றுப் பொட்டலம். ஐரோப்பிய யூனியனுக்குள் இறைச்சி, பால் பொருள் எதுவும் கொண்டுபோகக்கூடாது, பால்கோவா, நெய் எல்லாம் குப்பைக்குப் போகும். ஆனால் மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள், கருவாடும் அதில் அடக்கம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எங்கள் வேனில் ஒரே விசில். நெத்திலியை மூன்று கவரில் காற்றுப்போகாமல் ஒட்டி, துணிப்பெட்டியில் வையுங்கள். செல்லோ பெட்டியின் பாக்கெட்டில் வைக்காதீர்கள். ஒருத்தர் வைத்தார், பெட்டிக்குள் இருக்கும் வெல்வெட்டில் அந்த வாசம் இன்னும் போகவில்லை.