கோதுமையை நிறுத்துவதற்கு முன்

பிரெட், பரோட்டா சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்றதும் பலர் உடனே கோதுமையையே நிறுத்திவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோதுமையிலுள்ள க்ளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்படுவதுதான் சீலியாக் நோய்; அதைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை, க்ளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். முதலில் டாக்டர், அப்புறம்தான் பத்தியம்.

சீலியாக் என்று உறுதியானால் அரைகுறைப் பத்தியம் உதவாது, ஏனென்றால் கொஞ்சம் க்ளூட்டன் போனாலும் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதையும், பலருக்கு ரத்தசோகை வருவதும் இதனால்தான். மைதா, கோதுமை ரவை, சேமியா எல்லாம் தெரிந்தவை. பெருங்காயத் தூளை யாரும் யோசிப்பதில்லை! பல டப்பாக்களில் கோதுமை மாவு கலந்திருக்கும், பின்பக்கம் திருப்பிப் படியுங்கள், இல்லாவிட்டால் சாம்பார், ரசம் வழியாகத் தினமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அரிசி, கம்பு, கேழ்வரகில் க்ளூட்டன் கிடையாது.

பரிசோதனையில் ஒன்றும் இல்லையா? சரி, அப்போது கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற ஒருவகை கார்போஹைட்ரேட் காரணமாக இருக்கலாம். அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகும். வெங்காயத்திலும் பூண்டிலும் அதுவே நிறைய இருப்பதால், பரோட்டாவோடு சால்னாவையும் சில வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று வயிறே காட்டிக்கொடுக்கும்.