ரேஷன் பச்சரிசியில் கூழ் வத்தல் போடுவது எப்படி

2020 கொரோனா ஊரடங்கில் கடை காலை ஆறு மணிக்குத் திறந்து பகல் ஒரு மணிக்கு அடைக்கிற காலம் ஒன்று இருந்தது. ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் அதுவும் இல்லை, மளிகைக் கடையே திறக்கவில்லை. அந்த நாலு நாளில் வெஞ்சனத்துக்கு என்ன செய்வது என்று கையைப் பிசைந்த வீடுகள் உண்டு. வத்தல் டப்பா இருந்த வீட்டில் அந்தக் கவலை இல்லை, ரசமும் வத்தலும் போதும்.

ரேஷனில் கிடைக்கிற பச்சரிசி பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது. சோறாக்கினால் குழையும், பிள்ளைகள் தொடாது. கூழ் வத்தலுக்கு அந்தக் குழைகிற குணம்தான் வேண்டும். வெளியிலிருந்து வாங்க வேண்டியது ஜவ்வரிசி, பச்சை மிளகாய், எலுமிச்சை மட்டும். வெயிலை மதுரையில் யாரும் விலைக்கு வாங்குவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வத்தல் உடைந்தால், நொறுங்கினால், பொரியாமல் போனால் எல்லாரும் வெயிலைத்தான் குறை சொல்கிறார்கள். பத்தில் ஒன்பது வத்தல் அடுப்பிலேயே கெட்டுவிடுகிறது. வெயில் அதை மறுநாள் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் கூழ் காய்ச்சுகிற இடத்தில் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் வீட்டில் தெரிந்ததுதான்.

தேவையானவை (200 மில்லி டம்ளர் கணக்கு)

பச்சரிசி 3 டம்ளர், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். மாவு ஜவ்வரிசி அரை டம்ளர். பச்சை மிளகாய் 15. தூள் உப்பு தலைதட்டி 4 டீஸ்பூன்; கல் உப்பு என்றால் 25 கிராம். எலுமிச்சம்பழம் 2. கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. சீரகம் 2 டீஸ்பூன். தண்ணீர் அரைக்க 2½ டம்ளர், கொதிக்க வைக்க 15 டம்ளர்.

நைலான் ஜவ்வரிசி வேண்டாம். அது எவ்வளவு வெந்தாலும் மணி மணியாகவே நிற்கும். மாவு ஜவ்வரிசிதான் கரைந்து கூழோடு சேரும். அரை டம்ளருக்கு மேலும் போகாதீர்கள். ஜவ்வரிசி கூடினால் வத்தல் நன்றாகப் பொரியும், ஆனால் மெல்லும்போது பல்லில் அப்பிக்கொள்ளும்.

முதல் நாள்

ரேஷன் அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய வாடை இருந்தால் ஊறும்போது ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போய்விடும். காலையில் ஊறப்போட்டு மாலையில் கிரைண்டரில் வெண்ணெய் போல அரைத்து, மூடி வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க இருந்து லேசாகப் புளித்தால் ருசி கூடும். மிக்ஸியில் அரைத்தால் நொய் நிற்கும். மாவை ஒருமுறை வடிகட்டி, மிஞ்சியதைத் திரும்ப அரையுங்கள். ஜவ்வரிசியை ஒரு டம்ளர் தண்ணீரில் தனியாக ஊற விடுங்கள். மாவு மில் அடைத்துக் கிடந்தால் கவலைப்பட வேண்டாம். ஊறவைத்து அரைத்த மாவுதான் இதற்கு நல்லது, காய்ந்த மாவு எளிதில் கட்டி தட்டும்.

கூழ் காய்ச்சுவது

விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால்தான் ஏழு மணிக்குள் ஊற்றி முடிக்கலாம். எட்டு லிட்டராவது கொள்ளும் அடிகனமான குண்டான் வேண்டும். நான்ஸ்டிக் எதற்கும் உதவாது, சிறியதாக இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் நடுவில் மட்டும் சூடேறி அடிப்பிடிக்கும். வேறு வழியில்லை என்றால் இரண்டு ஈடாகப் பிரித்துக் காய்ச்சுங்கள். கிளற நீளக் காம்புள்ள மரத் துடுப்பு. கூழ் கொதிக்கும்போது குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், எவர்சில்வர் கரண்டியின் நீளம் போதாது.

மிளகாயையும் உப்பையும் சேர்த்து அரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். விதையும் தோலும் உள்ளே போனால் பொரிக்கும்போது அந்த இடம் கருகும். பெருங்காயத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

15 டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஊறிய ஜவ்வரிசியை முதலில் போடுங்கள். பத்து நிமிடத்தில் கண்ணாடியாக மாறும். இப்போது தீயைக் குறையுங்கள். மாவைத் தோசை மாவை விட நீர்க்க, மோர் பதத்துக்குக் கரைத்து, ஒரு கையால் நூல் போல ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். இரண்டு கை போதாது என்றால் வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும், அதுதான் கட்டி. கட்டி விழுந்துவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கி மத்தால் கடையுங்கள், பிறகு திரும்ப ஏற்றுங்கள்.

மாவு ஊற்றிய ஐந்தாவது நிமிடமே கூழ் கெட்டியாகிவிடும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கெட்டியானது வேறு, வெந்தது வேறு. கெட்டியான பிறகும் சிறு தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம், அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்ததற்கு மூன்று அடையாளம். சுண்ணாம்பு வெள்ளை போய் கஞ்சி போட்ட துணியின் பளபளப்பு வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாது. ஒரு சொட்டைத் தண்ணீர்த் தட்டில் விட்டால் கலங்காமல் வில்லையாக நிற்கும். மூன்றும் சரியாக இருந்தால்தான் இறக்கலாம், இரண்டு போதாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அரிசி மாவில் உள்ள ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாக வேண்டும். அந்தப் பசைதான் காய்ந்ததும் கண்ணாடித் தகடு போல ஒன்றாக நிற்கிறது. எண்ணெயில் போட்டதும் உள்ளே மிஞ்சியிருக்கும் கடுகளவு ஈரம் ஆவியாகி அந்தத் தகட்டை ஊதிப் பெரிதாக்குகிறது. வேகாத மாவு காய்ந்தால் வெறும் மாவுதான். வெயிலிலேயே விரிசல் விட்டு உதிரும், எண்ணெயில் போட்டால் கல்லாகக் கிடக்கும்.

ரேஷன் அரிசி பழைய அரிசியாக இருந்தால் தண்ணீர் கூடக் கேட்கும். பக்கத்து அடுப்பில் இரண்டு டம்ளர் வெந்நீர் தயாராக இருக்கட்டும். கூழ் இறுகினால் வெந்நீர்தான் விட வேண்டும், பச்சைத் தண்ணீர் விட்டால் திரும்பக் கட்டி தட்டும்.

மிளகாய் உப்புத் தண்ணீரையும் பெருங்காயத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள். உப்பு பார்க்கும்போது கூழில் குறைவாகத்தான் தெரிய வேண்டும். நாலு லிட்டர் கூழ் காய்ந்து அரைக் கிலோ சொச்சம் வத்தலாகிறது. தண்ணீர் போகும், உப்பு போகாது. கூழில் சரியாக இருந்தால் வத்தலில் கரிக்கும்.

இறக்கிக் கொஞ்சம் சூடு தணிந்ததும் கையால் தேய்த்த சீரகமும் எலுமிச்சைச் சாறும் விடுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசப்புத் தட்டும்.

ஊற்றப் போகும் முன் ஆளுக்கு ஒரு கிண்ணம் கூழ் எடுத்து, நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுச் சூடாகக் குடியுங்கள். அன்றைக்குக் காலைப் பலகாரம் முடிந்தது.

மாடியில்

துணிக்கு பழைய நாலு முழ வேட்டி ஒன்று போதும். சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். பழசுதானே என்று சுங்குடிச் சேலையை எடுத்துவிடாதீர்கள். சாயம் வத்தலில் இறங்கும். பிளாஸ்டிக் ஷீட்டில் உரிப்பது சுலபம் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அடிப்பக்கம் வேர்த்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் கூடுதலாகும், காற்றில் பறக்கும். வேட்டிதான் என் கட்சி.

வேட்டியை நனைத்து இறுகப் பிழிந்து நார்க் கட்டிலில் விரியுங்கள். தரையில் விரிப்பதை விட இது மேல். அடியிலும் காற்றுப் போகும், தூசி குறையும். கட்டில் கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பெரிய குண்டானை மூடி வைத்து, சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊற்றுங்கள். ஆறினால் ஏடு படிந்து கரண்டியில் கட்டியாக விழும். குழிக்கரண்டியில் பாதி எடுத்து ஊற்றினால் அதுவே வட்டமாகப் பரவும், தோசை போலத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் மெலிந்து துணியோடு ஒட்டிவிடும். அரை சென்டிமீட்டர் கனம், இரண்டு விரல் இடைவெளி. இருநூற்றைம்பதுக்கு மேல் வரும்.

காக்கைக்கு ஒரு கருப்புக் குடையை விரித்து வைத்து, கம்பில் கருப்புத் துணி கட்டுங்கள். அணில் இதற்கெல்லாம் அஞ்சாது. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகளைக் காவலுக்கு உட்கார வையுங்கள். கூலி, மூன்று மணிக்கு மேல் பாதி காய்ந்த வத்தல். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் புளிப்பும் உறைப்புமாக இருக்கும். அதற்காகவே பத்து வத்தல் கணக்கில் குறையும், எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

2020 மே 4 அன்று கத்திரியும் தொடங்கியது, மீனாட்சி திருக்கல்யாணமும் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. ஏழு மணிக்குள் ஊற்றி முடித்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு முகூர்த்தத்தை நேரலையில் பார்க்க உட்கார்ந்திருக்கலாம். ஆற்றில் அழகர் இறங்காத சித்திரையில் வெயில் மட்டும் வழக்கம்போல வந்துவிட்டது.

உரிப்பது

அன்று சாயங்காலமே உரிக்க வேண்டும். மறுநாள் என்று விட்டால் துணியோடு இறுகிவிடும். வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு வத்தலைத் துணியிலிருந்து இழுக்காதீர்கள், வத்தலை அப்படியே பிடித்துக்கொண்டு துணியை இழுங்கள். முழுதாக வரும். உரித்ததைச் சுளகில் பரப்பி ராத்திரி வீட்டுக்குள் வைத்து, இன்னும் இரண்டு நாள் வெயில். உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஆறிய பிறகு தகர டப்பாவில் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்க்கும்.

மத்தியானம் கோடை மழை கட்டினால் வேட்டியோடு சுருட்டாமல் நாலு மூலையும் பிடித்து உள்ளே கொண்டுபோய் ஃபேனுக்கு அடியில் விரியுங்கள். ஒரு நாள் தாங்கும். இரண்டாம் நாளும் வெயில் இல்லாமல் நூல் விட்டாலோ பூஞ்சை தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள், மேலாகத் துடைத்துக் காய வைக்கிற வேலை வேண்டாம். காலையிலேயே மேகமாக இருந்தால் கூழை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் வெந்நீர் விட்டுச் சூடாக்கி இளக்கிக்கொள்ளலாம்.

பொரிக்க கடலை எண்ணெய். சிறு துண்டு போட்டதும் உடனே மேலே எழும்ப வேண்டும். மூன்று நாலு நொடியில் எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை, மே 2021

மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்றானதும் திரும்பவும் வத்தல் ஞாபகம் வந்தது பலருக்கு. போன வருடம் போட்டவர்கள் கேட்டதில் சில:

வத்தல் எண்ணெய் குடிக்கிறது என்றால் எண்ணெய் காயவில்லை, அல்லது வத்தல் காயவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். அப்போதும் கல்லாக இருந்தால் கூழ் வேகவில்லை. அதற்கு மருந்து கிடையாது, அடுத்த ஈடுதான்.

மொட்டை மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டில் பால்கனிக்கு நாலு மணி நேரம் நேர் வெயில் வந்தால் போதும். பாதி அளவு போட்டு, இன்னும் சின்ன வட்டமாக ஊற்றுங்கள். ஐந்து நாள் ஆகும்.

சின்ன வெங்காயம் போடலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். போடலாம், ருசியும் அதிகம். ஆனால் வெங்காயத்தில் ஈரம் தங்கும், காய ஒரு நாள் கூடும், பொரிக்கும்போது சீக்கிரம் சிவக்கும். முதல் தடவை போடுகிறவர்கள் வெங்காயத்தின் பக்கம் போகாதீர்கள்.

பச்சரிசியும் இல்லை, நேற்றைய சோறுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதிலும் வத்தல் உண்டு. சோற்றை மிளகாய், உப்பு, சீரகத்தோடு தண்ணீர் விடாமல் அரைத்து, கையால் கிள்ளி வையுங்கள். ஏற்கெனவே வெந்த சோறு என்பதால் கூழ் காய்ச்சுகிற வேலையே இல்லை. கூழ் வத்தல் அளவுக்கு மொறுமொறுப்பு வராது, ஆனால் பருப்புத் துவையல் சோற்றுக்குக் கடித்துக்கொள்ள அது போதும்.