பொடுசுகளக் கூட்டிக்கிட்டு கார்ட்டூன் ரீமேக் பாக்கப் போறவங்களுக்கு

டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒன்னு முடிவு பண்ணிக்குங்க. படம் உங்களுக்கா, கூட வர்ற பொடுசுகளுக்கா? கார்ட்டூனா வந்தத ஆளுங்கள வெச்சு மறுபடி எடுத்தா, தியேட்டர்ல எச்சாக் கொந்தளிக்கறது முப்பது வயசுக்காரங்கதானுங்க. பொடுசுக பாட்டுக்கு பாப்கார்ன் தின்னுட்டு உக்காந்திருக்கும். நான் அண்ணன் பசங்களுக்கு அத்தை, அக்கா பசங்களுக்குச் சித்தி. லீவு விட்டாப் போதும், கோபியிலிருந்து ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ அத்தனையையும் பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போற வேலை என் தலையிலதான் விழும். அந்தத் தகிரியத்துலதான் சொல்றேன்.

ட்ரெய்லர் வந்ததும் பொடுசுகளுக்குப் போட்டுக் காட்டுங்க. காட்டும்போது நீங்க வாயத் தொறக்கப்படாது. 2019-ல சோனிக்ங்கற நீல முள்ளெலிப் படத்தோட ட்ரெய்லர் வந்தப்ப, அந்த நீலக்குட்டிக்கு மனுசப் பல்லு வெச்சிருந்தாங்க. உலகமே கத்துச்சு. டைரக்டர் எறங்கி வந்து உருவத்த மாத்தறேன்னு சொல்லி, நவம்பர்ல வரவேண்டிய படத்த 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப் போட்டாங்க. எங்க சின்னது கத்தவெல்லாம் இல்லீங்க. "அத்த, அதுக்கு எதுக்கு நம்ம அப்பா பல்லு?"ன்னு மட்டும் கேட்டுச்சு. இந்த மாதிரிக் கேள்வி வரோணும்னா நீங்க முந்தி "அய்யே, கெடுத்துட்டானுக"ன்னு சொல்லாம இருக்கோணும். பெரியவங்க ஒருக்கா மூஞ்சியச் சுளிச்சுட்டா, பொடுசுக அதையே திருப்பிச் சொல்லுமே ஒழிய சொந்தமா ஒன்னும் சொல்லாது.

அடுத்தது நீளம். பழைய டம்போ 64 நிமிசம், 2019-ல எடுத்தது 112. பியூட்டி அண்ட் த பீஸ்ட் 84 நிமிசத்துல முடிஞ்சது, ரீமேக்ல 129 ஆயிருச்சு. கதை அதேதான், அஞ்சு வயசுக் குழந்தையோட பொறுமையும் அதேதான். நம்மூரு தியேட்டர்ல எந்த ஊருப் படமா இருந்தாலும் இன்டர்வெல் விட்டுருவாங்க, அதுல பொழச்சோம். இருந்தாலும் ஓரத்து சீட்டா எடுங்க.

சர்டிபிகேட்டையும் பாத்துக்குங்க. 2024-லிருந்து யூஏ-வுக்குள்ளயே 7+, 13+, 16+னு பிரிச்சுப் போடறாங்க. அது போக உங்க வீட்டுக் குழந்தையோட மனசு உங்களுக்குத்தான் தெரியும். லயன் கிங்ல அப்பாச் சிங்கம் சாகற எடம், 1994-ல வரைஞ்ச படத்துலயே தொண்டைய அடைக்கும். 2019-ல அது நெசச் சிங்கமாட்டவே இருக்குது. அண்ணன் பையன் என் கைய நகம் பதியப் புடிச்சுக்கிட்டான். அது அத்தனையும் கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு போறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருங்க, படம் ஓடும்போது சொன்னாக் காதுல ஏறாது.

அந்தச் சிங்கத்து மூஞ்சியில ஒன்னுமே தெரியலேன்னு அப்ப நெறையப் பேர் குறை சொன்னாங்க. ஏன்னு பொடுசுகளுக்குப் புரிய வெக்க ஒரு வெளையாட்டு இருக்குது. கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, புருவத்த அசைக்காம, ஒதட்டக் கோணாம அழுகச் சொல்லுங்க. முடியாது, சிரிச்சுரும். வரையறவன் சிங்கத்துக்குப் புருவம் வரைஞ்சு, கண்ணப் பெருசாக்கி, வாய வேணுங்கற பக்கம் வளைச்சுக்கலாம். நெசச் சிங்கமாட்டக் காட்டோணும்னு உக்காந்தவனுக்கு அந்த வசதியே கெடையாது. இந்த வெளையாட்டுக்குப் பொறவு எங்க பொடுசுக "நல்லால்ல"ங்கறத விட்டுட்டு, "கண்ணு அசையல அத்த"ன்னு எடத்தச் சொல்ல ஆரம்பிச்சுருச்சுக.

வயசானவங்க கூட வந்தாத் தமிழ் டப்பிங்குக்கே போங்க. லயன் கிங்குக்கு சித்தார்த், அரவிந்த்சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலின்னு தெரிஞ்ச குரலாப் போட்டிருந்தாங்க. பும்பா வந்து நின்னதும் எங்கம்மா சத்தமாவே, "ஏங் கண்ணு, நம்ம சோளக்காட்ட உழுது போட்டுட்டுப் போற பன்னியப் போயி சினேகிதமா வெச்சிருக்கானே இந்தச் சிங்கம்!"ன்னாங்க. முன் வரிசையே திரும்பிப் பாத்துச் சிரிச்சுது. சத்தியமங்கலத்து மலையடிவாரத்துல காடு வெச்சிருக்கறவங்களுக்கு வேற எப்பிடித் தோணுங்க?

டோரா மாதிரிப் படம்னாப் பழச ஒரு எபிசோடாவது காட்டிட்டுப் போங்க. சுட்டி டிவியில "குள்ளநரி திருடக் கூடாது"ன்னு கூடவே கத்தி வளந்தவங்களுக்குத்தான் 2019-ல வந்த படம் சிரிப்பா இருக்கும். குட்டி டோரா சாப்பாட்டு மேசையில கேமராவப் பாத்துக் கேள்வி கேக்கறா, அவங்கப்பா "யாருகிட்டப் பேசறா இவ?"ங்கற மாதிரி முழிக்கறாரு. பழசு தெரியாத பொடுசுக்கு அந்த முழி எதுக்குன்னே தெரியாது.

படம் முடிஞ்சு வாசல்லயே "எப்பிடி இருந்துச்சு?"ன்னு கேக்காதீங்க. "நல்லாருந்துச்சு"ன்னு ஒத்த வார்த்தையில தாட்டி விட்டுரும். கோயமுத்தூர்னா ரோட்டுக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி ஆளுக்கொரு காளான் தட்டு வாங்கிக் குடுங்க. மேல வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, ஆவி பறக்கக் கைக்கு வரட்டும். ஊதி ஊதித் தின்னும்போது, "எதைய மாத்திட்டாங்க?"ன்னு மட்டும் கேளுங்க. கொட்டும் பாருங்க.

லிலோ அண்ட் ஸ்டிச் மாதிரிப் படத்துக்கு மட்டும் தட்டு ரெண்டு எச்சாச் சொல்லோணும், பேச்சு முடியாது. 2002 கார்ட்டூன்ல அப்பா அம்மா இல்லாத தங்கச்சி லிலோவ விடவே மாட்டேன்னு அக்கா நானி நிப்பா. 2025 படத்துல தங்கச்சியப் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட ஒப்படைச்சுட்டு காலேஜுக்குப் போறா. கார்ட்டூன் ரசிகருங்க நெம்பப் பேரு கொதிச்சுட்டாங்க, குடும்பம்னா யாரையும் விட்டுட்டுப் போறதில்லேங்கறதுதானே கதைன்னு. எங்க வீட்டுல இத டிவியிலதான் பாத்தோம். அக்காவோட பெரிய பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சு கோயமுத்தூர்ல ஹாஸ்டலுக்குப் போகத் துணி எடுத்து வெச்சுட்டிருந்த சமயம். சின்னவ மூணாப்பு. "அந்தக்கா போயிருக்கப்படாது"ன்னு சின்னது சொல்ல, "அதுதான் சுட்டாக் கதவு மாதிரி வழி தொறக்கற துப்பாக்கிய வெச்சு ராத்திரி தங்கச்சிகிட்ட வந்துட்டுப் போறாளே"ன்னு பெருசு. "உனக்கு அது இருக்குதா?"ன்னு இது. எங்கம்மா குறுக்க பூந்து, "பொட்டப்புள்ள படிக்கப் போனா என்னங்கறேன், பாத்துக்கத்தான் அந்தப் பாட்டி இருக்குதல்ல"ன்னுட்டாங்க. எனக்குப் பழைய முடிவுதான் புடிக்கும். அன்னைக்கு நான் அதச் சொல்லல. உங்க வீட்டுலயும் இப்பிடிப் படத்தச் சாக்கு வெச்சு வேறொன்னு பேச்சுல வந்தா, நடுவுல போயித் தீர்ப்புச் சொல்லாதீங்க.

ராத்திரியும் சண்டை ஓயலேன்னாப் பழைய லிலோ கார்ட்டூனப் போட்டு விட்டுருங்க. 85 நிமிசம் ஓடும். அதுக்குள்ள அரிசியும் பருப்பும் சாதத்த ஆக்கி எறக்கி, துணியையும் மடிச்சு வெச்சரலாம்.